‘ஒருபோதும் இல்லை’ என்னும் சொல்

ஒரு வேலையைத் தொடங்கிவிட்டுக் காத்திருக்கிறோம். நேரம் செல்கிறது, வேலை முடிந்தபாடில்லை. அப்போது மனத்தில் இருவகைக் கேள்விகள் எழுகின்றன. எப்போது முடியும் என்பது ஒன்று. இது முடியக்கூடியதுதானா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பொறுமை ஒன்றே போதும். இரண்டாவது கேள்வி அத்தகையதன்று. அதற்கு எல்லா இடங்களிலும் தவறாமல் விடை தரக்கூடிய பொதுமுறை எதுவும் இருக்க முடியாது என்பதை 1936-ஆம் ஆண்டில் ஆலன் டியூரிங் என்ற 24 வயது ஆங்கிலேய இளைஞர் கணித முறைப்படி நிறுவினார். இன்று நாம் காணும் கணிப்பொறி அப்போது உலகில் இல்லை.

டியூரிங்கிடம் செல்வதற்கு முன், நம் நாட்டிலேயே நெடுங்காலமாக வழங்கிவந்த ஒரு கணக்கைப் பார்ப்போம். அதில் இந்தப் பிரச்சினையின் முழு உருவமும் தெரிகிறது.

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது வர்க்கம். ஏதேனும் ஓர் எண்ணின் வர்க்கத்தை 60-ஆல் பெருக்கி, அதனுடன் 1-ஐக் கூட்ட வேண்டும். கிடைப்பதும் ஒரு வர்க்கமாக இருக்க வேண்டும். அந்த எண் எது? ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வோர் எண்ணாகச் சோதிப்போம். 1-க்கு 61 வருகிறது, வர்க்கமன்று. 2-க்கு 241, அதுவும் அன்று. 3-க்கு 541, அன்று. 4-க்கு 961 வருகிறது. அது 31-இன் வர்க்கம். தேடல் நான்கே படிகளில் முடிந்துவிட்டது.

இப்போது 60-க்குப் பதிலாக 61-ஐ வைத்துக்கொண்டு அதே தேடலைத் தொடங்குவோம். பத்து எண்கள், நூறு எண்கள், ஆயிரம் எண்கள் சோதித்தும் விடை வராது. வினாடிக்கு ஓர் எண் வீதம் உண்ணாமல் உறங்காமல் ஒருவர் சோதித்துக்கொண்டே போனாலும் ஓராண்டில் வராது, ஆறாண்டுகளிலும் வராது. ஏழு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் கடந்த பின்னரே, 22 கோடியே 61 லட்சத்து 53 ஆயிரத்து 980 என்ற எண்ணில் தேடல் முடிவடையும். அதன் வர்க்கத்தை 61-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது, 176 கோடியே 63 லட்சத்து 19 ஆயிரத்து 49 என்ற எண்ணின் வர்க்கம்.

அடுத்து 64-ஐ எடுத்துக்கொள்வோம். இந்தத் தேடல் ஏழு ஆண்டுகளில் முடியாது. எழுபது யுகங்களிலும் முடியாது. இதை எப்படி அறிந்தோம்? எழுபது யுகங்கள் காத்திருந்து அறியவில்லை. 64 என்பதே 8-இன் வர்க்கம். ஆகவே எந்த எண்ணின் வர்க்கத்தை 64-ஆல் பெருக்கினாலும் வருவது ஒரு வர்க்கமாகவே இருக்கும். வர்க்கத்துடன் ஒன்றைக் கூட்டி மீண்டும் ஒரு வர்க்கத்தைப் பெற முடியாது. ஏனெனில் அடுத்தடுத்த இரு வர்க்கங்களுக்கு இடையே ஒன்றைவிடப் பெரிய இடைவெளி இருக்கிறது. அவ்வளவுதான். அரை நிமிடச் சிந்தனை, முடிவற்ற காத்திருப்பின் இடத்தை நிரப்பிவிடுகிறது.

இங்கே ஒன்றை நிதானித்துப் பார்க்க வேண்டும். தேடத் தொடங்கிய ஆறாவது ஆண்டின் இறுதியில் 61-ஐத் தேடுபவரும் 64-ஐத் தேடுபவரும் சந்தித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். இருவருடைய அனுபவமும் ஒன்றே. இருவரும் கோடிக்கணக்கான எண்களைச் சோதித்திருக்கிறார்கள். இருவருக்கும் விடை கிடைக்கவில்லை. ஒருவருக்கு இன்னும் ஓராண்டுக்குச் சற்று அதிகமாகப் பொறுத்தால் விடை உண்டு. மற்றவருக்கு ஒருபோதும் இல்லை. அவர்கள் காத்திருந்த காலம் இந்த வேறுபாட்டை அவர்களுக்குச் சொல்லவில்லை.

சக்ரவாளம்

நம் முன்னோர் இப்படி ஒவ்வோர் எண்ணாகத் தேடிக்கொண்டிருக்கவில்லை. இவ்வகைக் கணக்குகளுக்கு ‘வர்க்கப் பிரகிருதி’ என்று பெயரிட்டு, கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் வழிகாட்டினார். பின்னர் ஜயதேவர் என்ற ஆசாரியரும், 1150-இல் ‘பீஜகணிதம்’ எழுதிய பாஸ்கராசாரியரும் ‘சக்ரவாளம்’ என்ற முறையை விளக்கினர். ஒரு படியில் கிடைத்ததைக் கொண்டு அடுத்த படிக்குச் செல்வதும், அதே செயலைச் சக்கரம்போல் மீண்டும் மீண்டும் செய்வதும் அதன் இயல்பு. 61-க்கான அந்தப் பெரிய விடையைப் பாஸ்கரர் இம்முறையால் சில படிகளிலேயே கண்டார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1657-இல், பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா இதே 61-ஐத் தம் காலத்தவருக்குச் சவாலாக விடுத்தார். தத்தர், சிங் ஆகிய இருவரும் எழுதிய இந்துக் கணித வரலாற்றில் இவற்றையெல்லாம் விரிவாகக் காணலாம். அவர்களுள் விபூதிபூஷண் தத்தர் பின்னாளில் சந்நியாசம் ஏற்று சுவாமி வித்யாரண்யர் ஆனார் என்பதை எங்களைப் போன்றவர்கள் சற்றுப் பெருமையுடன் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. சக்கரம் சுழல்கிறது, சரி, அது எப்போதும் விடையில் வந்து நிற்குமா? 61-க்கு நின்றது, 67-க்கும் நின்றது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் நிற்குமா? பாஸ்கரர் அதற்கு நிரூபணம் எதையும் எழுதி வைக்கவில்லை. வர்க்கமல்லாத எல்லா எண்களுக்கும் விடை உண்டு என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் லக்ராஞ்சு வேறொரு வழியில் நிறுவினார். சக்ரவாளம் என்ற அந்தச் சக்கரமே தவறாமல் விடையில் வந்து நிற்கும் என்பதை, மைசூரில் கணிதப் பேராசிரியராக இருந்த ஏ. ஏ. கிருஷ்ணசுவாமி அய்யங்கார் 1929–30-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில் நிரூபித்தார். சங்கத் தமிழ்ப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த ஏ. கே. ராமானுஜனின் தந்தை அவர். பாஸ்கரருக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 780 ஆண்டுகள். அத்தனை காலமும் அந்த முறை தவறாமல் பயன்பட்டுவந்தது. ஆனால் அது தவறவே தவறாது என்ற அறிவு பிற்காலத்தில்தான் வந்தது. பயன்படுவதும் அறிவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நடுவரும் விபரீதனும்

ஒவ்வொரு முறைக்கும் ஓர் அய்யங்கார் தோன்றும்வரை காத்திருக்க வேண்டுமா? எந்த முறையைக் கொடுத்தாலும், ‘இது முடியும்’ அல்லது ‘இது முடியாது’ என்று தீர்ப்பளிக்கும் ஒரே பெரிய முறை இருக்கக் கூடாதா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் இவ்வகையான ஒரு பொதுமுறையை எதிர்பார்த்தார். அதற்கு மறுப்பாக வந்ததே டியூரிங்கின் 1936-ஆம் ஆண்டுக் கட்டுரை. (டியூரிங்கின் தந்தை சென்னை ராஜதானியில் ஐ.சி.எஸ். அதிகாரி; தாய் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர்; தமையன் பிறந்தது குன்னூரில். தமிழ் வாசகர்களுக்கு இது ஒரு சிறு மகிழ்ச்சி. வாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) டியூரிங் கேள்வியைச் சற்று வேறு வடிவில் கேட்டார், ‘நிற்றல் பிரச்சினை’ என்ற பொருளுடைய பெயர் பின்னால் வந்தவர்கள் இட்டது. வாதத்தின் உயிர்நிலை அவருடையதே.

அதை எளிமையாகச் சொல்லலாம். ஒரு தந்தை மகனிடம், ‘நீ நாளை என்ன செய்வாய் என்பது எனக்குத் தெரியும்’ என்கிறார். ‘அப்படியா, சொல்லுங்கள்; அதற்கு நேர்மாறாகச் செய்கிறேன்’ என்கிறான் மகன். தந்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் தப்ப வழியில்லை.

எல்லா நிரல்களுக்கும், அதாவது கணிப்பொறி புரோகிராம்களுக்கும், தவறாமல் தீர்ப்பளிக்கும் ஒரு நடுவர் நிரல் இருப்பதாகக் கொள்வோம். அந்த நடுவரையே தன்னுள் உறுப்பாக வைத்துக்கொண்டு, ‘விபரீதன்’ என்ற வேறொரு நிரலை நாம் எழுதலாம். விபரீதனிடம் ஏதேனும் ஒரு நிரலின் எழுத்து வடிவைக் கொடுத்தால், அந்த நிரலுக்கு அதன் எழுத்து வடிவையே ஊட்டினால் அது முடியுமா என்று அது உள்ளிருக்கும் நடுவரைக் கேட்கும். ‘முடியும்’ என்று நடுவர் சொன்னால் விபரீதன் முடிவில்லாமல் சுற்றத் தொடங்கும். ‘முடியாது’ என்று சொன்னால் உடனே நின்றுவிடும். இனி, விபரீதனுக்கு விபரீதனின் எழுத்து வடிவையே கொடுப்போம். நடுவர் என்ன சொன்னாலும் விபரீதன் அதைப் பொய்யாக்கிவிடும். ஆகவே தவறாத நடுவர் என்ற கற்பனையே தன்னைத் தான் மறுத்துக்கொள்கிறது. கணிப்பொறியின் வேகத்துக்கும் நினைவாற்றலுக்கும் இதில் பங்கு இல்லை. நாளைய கணிப்பொறி எவ்வளவு வல்லமை பெற்றாலும் இந்த முடிவு மாறாது.

மற்றொரு சுவையான செய்தி. முழு எண்களில் விடை தேடும் எல்லாச் சமன்பாடுகளுக்கும், விடை உண்டா இல்லையா என்று சொல்லும் பொதுமுறையை 1900-ஆம் ஆண்டில் ஹில்பர்ட் கேட்டிருந்தார். டேவிஸ், புட்னம், ஜூலியா ராபின்சன் ஆகியோரின் உழைப்புக்குப் பின், 1970-இல் மதியசேவிச் என்ற 22 வயது ரஷ்யர் அத்தகைய பொதுமுறை இல்லை என்று நிறுவி முடித்தார். அந்த ஆராய்ச்சியில் ஜூலியா ராபின்சனுக்குக் கைகொடுத்த கருவிகளுள் ஒன்று, பிரம்மகுப்தரும் பாஸ்கரரும் கையாண்ட அதே வர்க்கப் பிரகிருதிச் சமன்பாடு. தனக்கென ஒரு தவறாத முறையைப் பெற்றிருந்த கணக்கு, எல்லாவற்றுக்கும் பொதுவான முறை இல்லை என்பதைக் காட்டப் பயன்பட்டது.

டில்லியில் மாலை வகுப்புகளுக்கு வரும் இளைஞர்களில் பலர் கணிப்பொறித் துறையினர். அவர்களுள் ஒருவர் ஒருநாள் உற்சாகத்துடன் கேட்டார்: ‘சுவாமிஜி, நிரலால் முடியாததை மனித மனம் அறிகிறது, ஆகவே மனம் இயந்திரம் அல்ல, ஆத்மா உண்டு என்பதை டியூரிங் நிரூபித்துவிட்டார் என்று சொல்லலாமா?’ சொல்லக் கூடாது என்றே பதில் சொன்னேன். 1961-இல் லூகாஸ் என்ற ஆக்ஸ்போர்டு தத்துவ அறிஞரும், 1989-இல் பென்ரோஸும் ஏறத்தாழ இவ்வாறே வாதிட்டனர் என்பது உண்மை. அவ்வாதம் பெரும்பாலான தர்க்க அறிஞர்களால் ஏற்கப்படவில்லை என்பதும் உண்மை. டியூரிங்கின் முடிவு, எந்த நிரலின் கதியையும் மனிதன் தவறாமல் கண்டறிந்துவிடுவான் என்று எங்கும் சொல்லவில்லை. இரண்டைவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகை என்ற கோல்ட்பாக்கின் யூகத்தைப் பாருங்கள். 4-இன்பின் 18 பூஜ்யங்கள் உள்ள எண்வரை அது சோதிக்கப்பட்டுவிட்டது. அதற்கு மாறான ஓர் எண்ணைத் தேடும் நிரல் என்றேனும் நிற்குமா? 1742-இலிருந்து எந்த மனமும் சொல்லவில்லை. ஆத்மாவைப் பற்றிப் பேசச் சாஸ்திரமும் விசாரமும் இருக்கின்றன. பாதி புரிந்த கணிதத்தைச் சாட்சிக்கு அழைப்பது கேட்பவரின் நம்பிக்கைக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

காணாமையும் இல்லாமையும்

டியூரிங்கின் முடிவு நமக்குப் பயன்படும் இடம் வேறு. ‘காணவில்லை’ என்பதிலிருந்து ‘இல்லை’ என்பதற்கு எப்போது செல்லலாம் என்பது நம் தரிசனங்களில் மிக நுட்பமாக ஆராயப்பட்ட பொருள். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகரும் அத்வைதிகளும் ‘அனுபலப்தி’ என்பதைத் தனிப் பிரமாணமாகக் கொள்வர். 17-ஆம் நூற்றாண்டில் தர்மராஜ அத்வரீந்திரர் எழுதிய ‘வேதாந்த பரிபாஷை’யில் இதற்கென ஒரு பகுதியே உண்டு. வெளிச்சமுள்ள அறையில் தரையைப் பார்க்கிறேன், குடம் தென்படவில்லை, ஆகவே குடம் இல்லை என்று அறிகிறேன். இருட்டறையிலும் குடம் தென்படவில்லை. ஆனால் குடம் இல்லை என்று அறிந்ததாகச் சொல்ல முடியாது. இரண்டு காணாமைகளுக்கும் வேறுபாடு என்ன? இருந்திருந்தால் கட்டாயம் கண்டிருப்பேன் என்ற நிலை முதல் அறையில் உண்டு, இரண்டாவதில் இல்லை. இந்தத் தகுதியைத்தான் ‘யோக்கியதை’ என்றனர். தகுதியுள்ள காணாமை மட்டுமே இல்லாமையை அறிவிக்கும்.

இந்த அளவுகோலை நிரலுக்கு வைத்துப் பார்க்கலாம். ‘இது முடிவதாயின் இத்தனை படிகளுக்குள் முடிந்தாக வேண்டும்’ என்று யாரேனும் ஓர் எல்லையைக் காரணத்துடன் சொன்னால், அந்த எல்லை கடந்தும் முடியாத நிரல் ஒருபோதும் முடியாது என்று தாராளமாகச் சொல்லலாம். அறையில் விளக்கு எரிகிறது. எல்லை தெரியாதபோது, எத்தனை கோடிப் படிகள் கடந்தாலும் அது இருட்டறைக் காணாமையே. எல்லா நிரல்களுக்கும் அத்தகைய எல்லையைக் கணித்துத் தரும் பொதுமுறை இருந்தால், நடுவர் நிரலும் இருந்துவிடும். ஆகவே அந்த முறையும் இல்லை. பழைய தர்க்கத்தின் மொழியில் சொன்னால், யோக்கியதையை வழங்கும் பொது இயந்திரம் கிடையாது. அதை இடத்துக்கு இடம் காரணம் காட்டியே பெற வேண்டும்.

கணிப்பொறி வல்லுநர்கள் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? இத்தனை விநாடிகள் பொறுப்பது, அதற்குள் முடியாவிட்டால் நிறுத்திவிடுவது என்று கால வரம்பு வைக்கிறார்கள். அது நல்ல வழி, நேர்மையான வழியும்கூட. நிறுத்தியவர், ‘இதற்குமேல் என்னால் காத்திருக்க இயலாது’ என்றுதான் சொல்கிறார். ‘இது முடியவே முடியாது என்று கண்டுபிடித்துவிட்டேன்’ என்று அவர் சொல்வதில்லை.

மனிதர்கள் விஷயத்தில் நாம் அப்படிப் பேசுவதில்லை. ‘அவன் திருந்தவே மாட்டான்’ என்கிறோம். பத்தாண்டுகள் பார்த்தாயிற்று, இருபதாண்டுகள் பார்த்தாயிற்று என்கிறோம். நீண்ட காத்திருப்பு நமக்கு ஏதோ ஓர் அறிவைத் தந்துவிட்டது என்று எண்ணுகிறோம். மனிதன் நிரல் அல்லன். ஆகவே டியூரிங்கின் முடிவு இங்கே நேரடியாகப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. விதிகள் அனைத்தும் எழுத்தில் கண்முன் இருக்கும் ஒன்றிலேயே நீண்ட காத்திருப்பு ‘ஒருபோதும் இல்லை’ என்ற அறிவைத் தருவதில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இதனால் எல்லோரும் முடிவில்லாமல் காத்திருக்க வேண்டும் என்று ஆகிவிடாது. குடிக்கு அடிமையான கணவனுடன் பல ஆண்டுகள் வாழ்ந்து, குழந்தைகளை அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பிய ஒரு தாய், ‘அவர் திருந்த மாட்டார் என்று தெரிந்துதான் வந்தேன் சுவாமி, ஆனால் அது உண்மையா என்ற சந்தேகம் என்னைத் தின்கிறது’ என்று சொல்லி அழுதார். அவர் திருந்துவாரா மாட்டாரா என்பதை நிரூபித்த பிறகுதான் வெளியேறலாம் என்று யாரும் சட்டம் செய்யவில்லையே, அம்மா! அடி படும் குழந்தைகளைக் காப்பது என்ற ஒரு காரணம் போதும். அந்தக் காரணம் முழுமையானது. கணவரின் எதிர்காலத்தைப் பற்றிய தீர்ப்பு எதுவும் அதற்குத் தேவையில்லை. அத்தீர்ப்பைச் சுமந்ததால்தான் அவருக்குச் சந்தேகமும் வந்தது.

ஆனால் ‘ஒருபோதும் இல்லை’ என்ற தீர்ப்பே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அது டில்லியிலேயே, திலக் மார்க்கில், உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. 1980-ஆம் ஆண்டு மே மாதம், பச்சன் சிங் வழக்கில் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு, மரண தண்டனை செல்லும் என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம் என்று வரம்பும் இட்டது. கருத்தில் கொள்ள வேண்டியவற்றுள் குற்றவாளி திருந்தக்கூடிய வாய்ப்பையும் சேர்த்தது. அந்த வாய்ப்பு இல்லை என்பதைச் சாட்சியத்தால் நிறுவ வேண்டியது அரசின் பொறுப்பு என்றும் கூறியது. ‘காணவில்லை’ என்பது போதாது, காரணம் காட்டு என்று அரசிடம் கேட்கும் சொல் இது. பின்வந்த பல வழக்குகளில் இந்தப் பொறுப்பு மறக்கப்பட்டதாக நீதிமன்றமே பின்னர் குறைபட்டுக்கொண்டது. 2022-ஆம் ஆண்டில் மனோஜ் வழக்கில், குற்றவாளியின் மனநிலை மதிப்பீட்டையும் சிறை நடத்தை பற்றிய அறிக்கையையும் வழக்கு விசாரணைக் கட்டத்திலேயே பெற வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது.

இடையில் வேறொரு வழியும் தோன்றியது. மரண தண்டனைக்குப் பதிலாக, 20, 25, 30 ஆண்டுகள் என்று வரையறுத்து, அதுவரை தண்டனைக் குறைப்பு இல்லாத சிறைவாசத்தை 2008 முதல் நீதிமன்றம் விதித்துவருகிறது. 2015-இல் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றது. கணிப்பொறியாளரின் கால வரம்பை இது எனக்கு நினைவூட்டுகிறது. கடுமையானதுதான், ஆனால் அத்தகைய தண்டனை, கைதி திருந்தவே மாட்டார் என்று யாரையும் சொல்ல வைப்பதில்லை. நிறுத்திய நிரலை மறுபடி ஓட்டலாம். தூக்கிலிட்ட மனிதருக்கு அது இயலாது.

1980-இல் மாறுபட்டு நின்றவர் நீதிபதி பகவதி. தம் காரணங்களை 1982-இல் விரிவாக எழுதினார். கொலை செய்த ஒருவர் இனித் திருந்தவே முடியாதவர் என்பதை உறுதியாக முன்கூட்டி அறிய வழியில்லை என்பது அவற்றுள் ஒன்று. பெரும்பான்மையினர் அந்த வழியை ஒவ்வொரு வழக்கிலும் தேடச் சொன்னார்கள். பகவதி அப்படி ஒரு வழியே இல்லை என்றார். இந்த இருவருக்கும் நடுவே டியூரிங் தீர்ப்பளிக்க மாட்டார். பொதுமுறை இல்லை என்பதுதான் அவருடைய முடிவு; தனிப்பட்ட ஒரு நேர்வில் காரணம் கிடைக்கவே கிடைக்காது என்று அவர் சொல்லவில்லை. 64-க்கு அரை நிமிடத்தில் கிடைத்ததே! அந்த எண்ணின் உள்ளமைப்பு நமக்கு முழுவதும் தெரிந்திருந்தது, அதனால் கிடைத்தது. சிறைக் கூண்டில் நிற்கும் மனிதரிடம் அந்த உள்ளமைப்பை எந்த அறிக்கை காட்டும் என்பதற்கு, பெரும்பான்மைத் தீர்ப்பிலும் 2022-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் நான் விடை காணவில்லை.